ஸ்னோமேன் படம்: மனதை விட்டுப் போகாத அந்த ஒரு தடவை

இல்ஃபோர்ட் பேரன்

ஒரு பெடியன் செய்த பனிமனிதன் ராத்திரி உயிர் வந்து அவனோடு பறந்து போகிற கார்ட்டூன்தான் ஸ்னோமேன், இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு ரீவியில் போடுவார்கள். ஒவ்வொரு டிசம்பரும் இதை எழுத நினைத்து விட்டுவிடுகிறேன், இந்த முறை எழுதிவிடுகிறேன். 1996. அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு மாதம், ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. ரீவியைப் பார்த்து நாங்கள் சிரித்தால் அவ எங்கள் முகத்தைப் பார்ப்பா, ஏன் சிரிக்கிறோம் என்று யாரும் சொன்னதில்லை. ஸ்னோமேனில்தான் பேச்சே இல்லையே, 26 நிமிடமும் எங்களோடு சரிக்குச் சரி இருந்து பார்த்தா. பனிமனிதன் தகப்பனுடைய பல்லுச் செட்டை எடுத்து வாயில் வைக்கிற இடத்தில் எங்களுக்கு முதல் சிரித்தது அவதான், ஏனென்றால் அவவுக்கும் செட்டுத்தான். கடைசியில் பெடியன் விடிய ஓடிவந்து பார்க்கிறான், தொப்பியும் கழுத்துச் சால்வையும் ஒரு பிடி பனியும் கிடக்கிறது, முழங்காலில் இருந்துவிடுகிறான், படம் முடிகிறது. அம்மம்மா கேட்டா: “தாயும் தேப்பனும் உள்ளுக்குத்தானே இருக்கினம்? ஒராள் வெளியில வந்து அந்தப் பிள்ளையத் தூக்கேலாதோ?” நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். “இது கார்ட்டூன் அம்மம்மா” என்றேன். அதற்குப் பிறகு அவ ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது எனக்கும் இரண்டு பிள்ளைகள். அந்தக் கடைசி நிமிடம் வரும்போது சோபாவில் இருக்க முடியவில்லை, எழும்பிப் போய்க் கீழே அவர்களுக்கு நடுவில் இருந்துவிடுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

ரீடிங் அப்பா

நான் 2014இல்தான் இந்த ஊருக்கு வந்தேன், படத்தின் பெயரே தெரியாது. மகள் பள்ளியில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி, அதில் அலெட் ஜோன்ஸ் பாடிய அந்தப் பறக்கிற பாட்டை அவள் தனியாகப் பாட வேண்டும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வாரம் பயிற்சி. அன்றைக்கு சுருதியை ரொம்ப மேலே எடுத்துவிட்டாள், இரண்டாவது அடி ஏறும்போது குரல் எட்டவில்லை, நின்றுவிட்டாள். பியானோ மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. நேராக என்னைப் பார்க்கிறாள். சுற்றிப் பார்த்தால் மண்டபத்தில் இருக்கிற அத்தனை அம்மா அப்பாவும் அடுத்த வரியை வாயசைத்து அவளுக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள், தாத்தா ஒருவர் கையால் தாளம்கூடப் போடுகிறார். அவள் பார்ப்பது என் வாயை. எனக்கு அடுத்த வரி தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு யாரையோ பார்த்துப் பிடித்துக்கொண்டு பாடி முடித்துவிட்டாள், கைதட்டல் எல்லாம் நன்றாகவே கிடைத்தது. வீட்டுக்கு வந்து அன்று ராத்திரியே படத்தை மூன்று தடவை பார்த்தேன். இப்போது அந்தப் பாட்டை எங்கே நிறுத்தினாலும் அடுத்த வரி சொல்வேன், யாரும் கேட்கிறதில்லை.

பெற்றோல் செட் மாமா

ரீடிங் தம்பி, கோபிக்காதையும், படத்தில் பாடினது அலெட் ஜோன்ஸ் இல்லை. இந்தப் பிழையை இங்கிலீஷ்காரரே நாள்தோறும் விடுகிறார்கள். படத்தில் பாடினவர் பீட்டர் ஓட்டி, சென்ட் போல்ஸ் பேராலயப் பாடகர் குழுவில் இருந்த பொடியன். 1985இல் ஒரு விளையாட்டுச் சாமான் கடை விளம்பரத்துக்கு அதே பாட்டு வேண்டியிருந்தது, அதற்குள் ஓட்டிக்குக் குரல் உடைந்துவிட்டது, அதனால் அலெட் ஜோன்ஸைப் பிடித்தார்கள். அவருடைய இசைத்தட்டு பிரித்தானியப் பட்டியலில் 5ஆம் இடம் வரைக்கும் போனது, பெயரும் அவரோடு ஒட்டிக்கொண்டது. பாவம், ஓட்டியின் பெயர் முதல் வந்த படத்தில் எழுத்திலேயே இல்லை. பிறகு வளர்ந்து ஒப்பேரா பாடகர் ஆனார். பாட்டும் இசையும் ஹவார்ட் பிளேக். பாடகர் டேவிட் போவி பரணில் நின்று பேசுகிற தொடக்கமும் பிறகு சேர்த்ததுதான், முதல் தடவை புத்தகம் எழுதின ரேமண்ட் பிரிக்ஸ்தான் வயலில் நடந்துகொண்டு பேசுவார். எப்படித் தெரியும் என்றால், அந்த முதல் தடவை நான் பார்த்தேன்.

1982 டிசம்பர் 26. படத்தைப் போட்ட சனல் 4 ரீவி தொடங்கி இரண்டு மாதம்கூட இல்லை. கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள், பாக்சிங் டேயில், பெற்றோல் செட்டுக்கு ஆள் கிடைக்காது, அதனால் நான். பின்னறையில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை ரீவி. பெடியனும் பனிமனிதனும் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிற நேரம் பார்த்து ஒருவன் வந்து யன்னலில் தட்டுகிறான், நான் போகவில்லை. திட்டிக்கொண்டு உள்ளே வந்தவன் கதவில் சாய்ந்து நின்று பார்த்தான். பாட்டு முடியும் வரைக்கும் இரண்டு பேரும் ஒரு கதை இல்லை. பிறகு ஆறு பவுணுக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டு போனான். எத்தனையோ வருடம் கழித்துத்தான் கலரில் பார்த்தேன், கத்தோலிக்க நண்பன் வீட்டில். சாண்டா பெடியனுக்குக் கொடுக்கிற சால்வை நீலம் என்று அன்றைக்குத்தான் தெரியும். எனக்கென்னவோ கலர் பிடிக்கவில்லை.

ஸ்கார்பரோ அம்மா

எங்கள் வீட்டில் நடந்தது சின்ன விஷயம். படத்தில் பனிமனிதன் ஃப்ரீஸருக்குள் போய்ச் சுகமாகப் படுத்துக்கொள்வான் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு என் மூத்தவன் ஒரு பனி உருண்டையைக் கொண்டுவந்து வஞ்சிர மீன் பாக்கெட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறான். எனக்குத் தெரியாது. ஜூலையில் ஃப்ரீஸரைச் சுத்தம் பண்ணும்போது ஏதோ ஐஸ் என்று சிங்கில் போட்டு வெந்நீரைத் திறந்துவிட்டேன். அவன் அப்போது பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

அதனால் சொல்கிறேன், ஐந்து வயதுக்குக் கீழே இந்தப் படத்தைத் தயவுசெய்து காட்டாதீர்கள். காட்டுவதென்றால் முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். ராத்திரி படுக்கும் நேரத்தில் வேண்டாம், மத்தியானம் போடுங்கள், முடிந்ததும் கீழே விளையாடக் கூட்டிக்கொண்டு போகலாம். கரைந்து போவான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். “தூங்கிவிட்டான்” என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்புறம் தூங்கவே பயப்படும். 2012இல் வந்த இரண்டாவது படத்தில் ஒரு பனிநாய் வருகிறது, முடிவும் இவ்வளவு கொடுமை இல்லை, முதலில் அதைக் காட்டலாம். மேடை நாடகமாகவும் வந்திருக்கிறது, உங்கள் பக்கத்தில் போட்டால் அதற்குக் கூட்டிப்போகலாம், கூட்டத்தோடு பார்த்தால் அழுகை குறையும். இல்ஃபோர்ட் தம்பி, உங்கள் பிள்ளைகளுக்கு எத்தனை வயது என்று எழுதவே இல்லையே?

புத்தகப் பூச்சி

மன்னிக்கவும் அம்மா, யாரும் கேட்காத யோசனை. கரைவதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன, ஒரு பொம்மை பறக்கிறது, அவ்வளவுதான். பிரிக்ஸுக்கு 1971இல் தாயும் தகப்பனும் போனார்கள், 1973இல் மனைவி. புத்தகம் வந்தது 1978இல். பிள்ளைகளுக்கு என்ன தெரிய வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரியாதா? சாண்டா கொடுத்த சால்வை பையில் இருக்கிறது, ஆள் இல்லை, சின்னப் பிள்ளைக்கு அது புரியும். எனக்கு உறுத்துவது வேறு. பழைய புத்தகக் கடையில் மூலப் புத்தகம் கிடைத்து மகனுக்குக் காட்டினேன், அவன் முன்னும் பின்னும் புரட்டிவிட்டு “சாண்டா எங்கே அப்பா, யாரோ கிழித்துவிட்டார்கள்” என்றான். புத்தகத்தில் சாண்டாவும் கிடையாது, கிறிஸ்துமஸும் கிடையாது, எல்லாம் படக்காரர்கள் சேர்த்தது. எவ்வளவு சொன்னாலும் நம்பவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே இன்றுவரை சொல்கிறான்.

பிரைட்டன் நர்ஸ்

புத்தகப் பூச்சிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஒரு பாட்டி, 91 வயது, நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில். எங்கள் ஊர் படத்தில் வரும், அந்த பெவிலியன் அரண்மனைக் கோபுரங்களுக்கு மேல் பறந்து, கடலுக்குள் நீண்டிருக்கும் பியரைத் தாண்டிப் போவார்கள். அந்த இடத்தில் அவர் விரலை நீட்டி, ஒவ்வொரு வருடமும் ஏதோ முதல் தடவை மாதிரி, “அதோ நம்ம ஊர்” என்பார். வட துருவம் போய்த் திரும்பி வந்ததும் என் கையைத் தட்டுவார், நிறுத்திவிடு என்று அர்த்தம். நான்கு டிசம்பர் அப்படி நிறுத்தியிருக்கிறேன். முடிவு தெரியாதவர் இல்லை அவர், பேரப்பிள்ளைகளோடு எத்தனை தடவை பார்த்திருப்பார். ஐந்தாவது வருடம் அடுத்த அறையில் மருந்து கொடுக்கப் போன இடத்தில் நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரிமோட் அவர் மடியில்தான் இருந்தது. “டீ கிடைக்குமா” என்று கேட்டார், கொண்டுவந்து கொடுத்தேன், குடித்தார்.

ஸ்கார்பரோ அம்மா

எந்த இடத்தில் நிறுத்தச் சொல்வார் என்று சரியாகச் சொல்ல முடியுமா? என் இளையவனுக்கு இந்த வருடம் ஆறு வயது.

பிரைட்டன் நர்ஸ்

திரும்பி வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் பையன் வீட்டுக்குள் போவான் இல்லையா. போகும்போது திரும்பிக் கையசைப்பான். அங்கே.