டிரஸ்டுக்கு ‘நம்பிக்கை’ போதுமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

இரண்டு ஆங்கிலக் கலைச்சொற்களுக்கு நீங்கள் தந்த தமிழைப் பார்த்தேன். தரவு பிறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கணிக்கும் ‘எட்ஜ் கம்ப்யூட்டிங்’குக்கு ‘விளிம்புக் கணிமை’ புழக்கத்துக்கு வந்துவிட்ட சொல், அதைக் கலைக்க வேண்டாம். எனக்கு இடிப்பது, ஒரு கருவியை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்து அனுமதி தரும் ‘டிரஸ்ட் பேஸ்டு ஆக்சஸ் கன்ட்ரோல்’ முறைக்கு நீங்கள் தந்த ‘நம்பிக்கை அடிப்படையிலான அணுகல் கட்டுப்பாடு’. நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நம்பிக்கை மனத்தில் இருப்பது. இங்கே டிரஸ்ட் என்பது கணக்குப் போட்டு வருவது.

கயத்தாறு பக்கம் ஒரு காற்றாலையை எடுத்துக்கொள்வோம். ஆடிக் காற்றில் இறக்கை சுற்றும்போது எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. ஆலையடியில் உள்ள கணினியே முடிவெடுக்க வேண்டும். அதற்குக் காற்றின் வேகத்தைச் சொல்லும் சென்சாரின் சாவி, அதாவது அது இன்னார் என்று காட்டும் ரகசியக் குறியீடு, சரியாக இருந்தால் மட்டும் போதாது. சுற்றியுள்ள ஆலைகள் எல்லாம் பலத்த காற்று என்கும்போது இது மட்டும் காற்றே இல்லை என்றால், அதை எவ்வளவு நம்பலாம் என்று கணினி போட்டிருக்கும் மதிப்பெண் இறங்க வேண்டும். அதன் மென்பொருளை யாரோ மாற்றியிருந்தால் இன்னும் இறங்க வேண்டும். ஓர் அளவுக்குக் கீழே போனால் அனுமதி பறிபோகும். ஒழுங்காக நடந்தால் மெல்ல ஏறும். பழைய நல்ல பெயரும் நாளாக ஆகத் தேயும்; இல்லாவிட்டால் ஒரு வருடம் யோக்கியமாக இருந்துவிட்டு ஒரே நாளில் ஏமாற்றிவிடலாமே.

பார்த்து, எடைபோட்டு நம்புவதற்கு நம்மிடம் ஒரு வினை இருக்கிறது: தேறு. வாழைக்கன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு ‘இது தேறும்’ என்கிறோமே, அதுதான். குறள் 509-இல் ‘தேறற்க யாரையும் தேராது’ என்கிறபோது, தேர்தல் ஆராய்வது, தேறுதல் நம்புவது.

பெயர்ச்சொல்லாக்கினால்தான் சிக்கல். ‘தேற்றம்’ கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது, ‘தேறுதல்’ துக்க வீட்டுக்கு. ஆகவே ஊறுகாய் போல வினைத்தொகையாக வைப்போம்: மதிப்பெண்ணுக்குத் தேறுமதிப்பு, முறைக்குத் தேறுவழி அணுகல். வினைத்தொகையில் முக்காலமும் அடங்கும். நேற்றைய நடத்தையைப் பார்த்து இன்று அனுமதித்து நாளையை ஊகிக்கும் முறைக்கு அது அப்படியே பொருந்துகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2020-இல் ஆவணமாக்கிய ஜீரோ டிரஸ்ட், ‘வலையமைப்புக்குள் இருக்கிறாய் என்பதற்காகவே நம்பிவிட மாட்டேன்’ என்பது. அதை ‘நம்பிக்கையில்லா’ என்று தொடங்கினால் சட்டமன்றத் தீர்மானம்தான் நினைவுக்கு வரும். ‘முன்தேறாமை’ என்றால் பொருள் நேராக நிற்கிறது.

ஓர் இடத்தில் திணறுகிறேன், அண்ணாச்சி. நேற்று மாட்டிய, முன்வரலாறே இல்லாத கருவிக்குக் கொடுக்கும் முதல் மதிப்புக்கு என்ன பெயர்? ‘தொடக்கத் தேறுமதிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் உட்காரவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.