நவம்பர் 1-ல் பள்ளி திறக்கிறது: இரண்டாம் வகுப்புப் பிள்ளையை அனுப்புவீர்களா?

பனியன்நகர் (திருப்பூர்), 16 அக்டோபர் 2021, இரவு 10.10

கொரோனாவால் மூடிய பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நவம்பர் 1-ல் திறக்கிறார்கள். வருவது கட்டாயம் இல்லை, பெற்றோர் விருப்பம் என்று சொல்லிவிட்டார்கள். குழப்பமே அதில்தான். கட்டாயம் என்றால் பேசாமல் அனுப்பியிருப்பேன்.

என் பையன் இரண்டாம் வகுப்பு. ஆனால் ஒன்றாம் வகுப்பறைக்குள் கால் வைத்ததே இல்லை. 2020 மார்ச்சில் மூடும்போது யுகேஜி. நான் பனியன் கம்பெனியில் செக்கிங். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வர இரவு எட்டரை. வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன், அது அவன் அப்பாவிடம். அவர் வந்ததும் வாட்ஸ்அப்பில் பாடத்தைத் திறப்போம், பையன் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடுவான்.

மாமியாருக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. இரண்டு ஊசியும் போட்டாயிற்று. அனுப்பலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் எங்கள் லைன் வீட்டில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். உங்கள் வீடுகளில் என்ன செய்யப் போகிறீர்கள்?

அடையாற்றங்கரை (சென்னை), 16 அக்டோபர், இரவு 11.25

அனுப்பாதீர்கள் சகோதரி. என் மகள் மூன்றாம் வகுப்பு. நான் அனுப்பப் போவதில்லை.

மே மாதம் என் அப்பாவை இழந்தேன். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று என்று செய்தி வந்ததே, மே 21, அந்த வாரம். மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸுக்குள்ளேயே ஐந்து மணி நேரம் இருந்தோம். அவர் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் கருவியில் 82, 81, மறுபடி 82 என்று மாறிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் அந்தச் சிவப்பு எண்கள் கண்ணிலேயே நிற்கின்றன.

இப்போது தினமும் ஆயிரத்து இருநூறு சொச்சம்தான், குறைந்துவிட்டது என்கிறார்கள். இந்த வருடம் பிப்ரவரியில் ஐநூறுக்கும் கீழே இருந்தது. அப்போதும் எல்லாம் முடிந்தது என்றுதான் முகக்கவசத்தைக் கழற்றினோம். அடுத்த மூன்றே மாதத்தில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனால் பிடித்துக்கொள்ளலாம். என் வீட்டில் போனவர் திரும்ப வரவில்லை.

மலையடி டீச்சர் (பென்னாகரம் பக்கம், தருமபுரி மாவட்டம்), 17 அக்டோபர், காலை 6.50

சார், உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் "ஒரு வருடம் தள்ளிப்போனால் பிடித்துக்கொள்ளலாம்" என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை.

போன வாரம் வகுப்பறையைச் சுத்தம் செய்யத் திறந்தோம். கரும்பலகை மூலையில் 13.3.2020 வெள்ளி, பதிவு 34, வருகை 31 என்று என் கையெழுத்து அப்படியே இருந்தது. அந்த 34 பேரில் இரண்டு பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போனதாகச் சொல்கிறார்கள்.

மிச்சப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறேன். மூடும்போது தடவித் தடவியாவது "அம்மா, ஆடு, இலை" என்று வாசித்த பெண், இப்போது "ஆ" எழுதச் சொன்னால் என் முகத்தைப் பார்க்கிறாள். பென்சிலைக் கரண்டி பிடிப்பதுபோல ஐந்து விரலாலும் பிடிக்கிறாள். கல்வித் தொலைக்காட்சி வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்கு இவள் விரலைப் பிடித்து எழுத வைக்கத் தெரியாதே.

இது எங்கள் மலையடிவாரத்துக் கதை மட்டும் இல்லை. பொருளாதார அறிஞர் ஜான் டிரீஸ் உள்ளிட்டோர் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் எடுத்த ஆய்வு செப்டம்பரில் வந்தது. ஏழை வீடுகளில்தான் எடுத்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தவர்கள் 8 சதவீதம். படிப்பே இல்லாமல் இருந்தவர்கள் 37 சதவீதம். உங்கள் மகளுக்கு நீங்கள் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பீர்கள். என் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தலைவர் பல்ராம் பார்கவாவே ஜூலையில், திறப்பதென்றால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பது நல்லது, சிறுவர்கள் இந்தக் கிருமியைப் பெரியவர்களைவிட நன்றாகச் சமாளிக்கிறார்கள் என்றார். நாம் தலைகீழாகச் செய்தோம். செப்டம்பர் 1-ல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்துவிட்டு, சின்னவர்களைக் கடைசியில் வைத்தோம்.

அடையாற்றங்கரை, 17 அக்டோபர், காலை 8.15

டீச்சர், அதே பேச்சில் அவர் இன்னொன்றும் சொன்னார். முதலில் பள்ளி ஊழியர் எல்லோருக்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்றார். ஆசிரியர்கள் போட்டிருப்பீர்கள். வேன் ஓட்டுபவர், ஆயா, வாசலில் ஐஸ் விற்பவர்?

அதே ஐசிஎம்ஆர் கணக்குப்படி ஆறு முதல் ஒன்பது வயதுக்குள் எதிர்ப்பு சக்தி உண்டானவர்கள் 57.2 சதவீதம். அப்படியென்றால் பத்தில் நான்கு பிள்ளைகளை இன்னும் அந்தக் கிருமி தொடவே இல்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். அது வீட்டுக்குக் கொண்டுவருமே. என் அம்மா முதல் ஊசிதான் போட்டிருக்கிறார், ஆகஸ்ட் 18-ல். அப்பா போனபிறகு ஊசி என்றாலே பயந்தார், கெஞ்சிக் கூட்டிப்போனேன். கோவிஷீல்டுக்கு 84 நாள் இடைவெளி. நவம்பர் 10 வரை காத்திருக்க வேண்டும்.

போன வாரம்தான் நிபுணர் குழு 2 முதல் 18 வயது வரை கோவாக்சின் போடப் பரிந்துரைத்தது. இத்தனை மாதம் பொறுத்தோம், அது வரும்வரை பொறுக்கக் கூடாதா?

மூன்றாம் பெஞ்ச் (மதுரை), 17 அக்டோபர், காலை 9.05

நான் திறக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நாள்தான் தப்பு. நவம்பர் 4 தீபாவளி. அதற்கு முந்தின வாரம் விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கக் கூடும் கூட்டம் தெரியும்தானே? அந்தக் கூட்டத்தில் நின்ற கையோடு பிள்ளையை மூன்று நாள் பள்ளிக்கு அனுப்பி, அப்புறம் லீவு விட்டு, மறுபடி சேர்த்து உட்கார வைப்பானேன்? இரண்டு வாரம் தள்ளித் திறந்தால் கூட்டத்தில் யாருக்கு வந்தது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

பனியன்நகர், 17 அக்டோபர், பகல் 1.20

தீபாவளிக்கு முந்தின வாரம்தான் எங்களுக்கு நைட் வேலையும் சேர்த்து வரும். அந்த வாரம்தான் பையனைப் பார்த்துக்கொள்ள ஆளே இருக்காது. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் லைனில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கம்பெனியில் துணிப் பிசிறு வெட்டும் வேலைக்குப் போகிறாள். ஆறு மாதமாக. முதலில் "ஸ்கூல் திறக்கிற வரைக்கும்" என்றார்கள். இப்போது அவள் கொண்டுவரும் காசை வைத்துத்தான் வாடகை. திறந்தாலும் அனுப்புவார்களா என்று தெரியவில்லை. ஒவ்வொரு மாதம் தள்ளும்போதும் இப்படி ஒருத்தி குறைந்துகொண்டே போவாள் அண்ணா.

தஞ்சை செவிலி, 17 அக்டோபர், இரவு 7.45

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். திறக்கத்தான் வேண்டும் என்பது என் பக்கம். ஆனால் அந்தச் சென்னை அண்ணன் கேட்பதெல்லாம் நியாயமான கேள்விகள், பயந்தவர் பேச்சு என்று ஒதுக்க முடியாது.

பிள்ளைகளுக்கான கோவாக்சின் பரிந்துரை வந்தது உண்மை. பரிந்துரைக்கும் ஊசிக்கும் நடுவே இன்னும் அனுமதி, அப்புறம் எந்த வயதுக்கு முதலில் என்ற முடிவு எல்லாம் இருக்கிறது. போட ஆரம்பித்தாலும் பெரிய பிள்ளைகளிடம் இருந்துதான் தொடங்குவார்கள் என்று நினைக்கிறேன். ஏழு வயதுக்காரன் அதற்காகக் காத்திருந்தால் இந்தக் கல்வியாண்டே போய்விடும்.

பிள்ளைக்கு ஊசி இல்லாதபோது அவனைச் சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் வழி. தாத்தா, பாட்டி, வேன் டிரைவர், சத்துணவுக் கூடத்து அக்கா எல்லோரும். ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு எங்கள் பகுதியில் பலர் வரவில்லை, கறி சாப்பிட்டால் ஊசி போடக் கூடாது என்று நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. இருந்தாலும் இந்த வாரம் 23-ஆம் தேதி சனிக்கிழமைக்கே முகாமை மாற்றியிருக்கிறார்கள். விடாதீர்கள்.

பள்ளிக்கூடங்கள் பெஞ்சு, கதவெல்லாம் மருந்தடிப்பதிலேயே நிற்கின்றன. கொரோனா பெரும்பாலும் காற்றில் பரவுவது. அதைவிட ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மழை வந்தாலும் ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். எச்சில் பட்டு நனைந்த முகக்கவசத்தால் பிரயோஜனம் இல்லை, பையில் இன்னொன்று வையுங்கள்.

காய்ச்சல் இருந்தால் ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். இது மழைக்காலம், டெங்குவும் சேர்ந்து வரும். இரண்டு நாள் காய்ச்சல் என்றால் எங்களிடம் கூட்டி வாருங்கள்.

அடையாற்றங்கரை, 17 அக்டோபர், இரவு 9.30

நன்றி சிஸ்டர். ஜன்னல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளியில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அடையாற்றங்கரை, 25 அக்டோபர், இரவு 8.50

இன்று போனேன். வகுப்பறை பரவாயில்லை. ஒரு வகுப்புக்கு இருபது பேர், ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு பக்கமும் ஜன்னல். வேன்தான் மனதை உறுத்துகிறது. அதே வேனில் பதினான்கு பிள்ளைகள், ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருக்கிறார். டிரைவர் ஒரு ஊசியும் போடவில்லை. வகுப்பில் தள்ளி உட்கார வைத்துவிட்டு, வேனில் மடிமேல் மடி வைத்துக் கூட்டி வந்தால் எதற்கு இந்த ஏற்பாடெல்லாம்? தலைமை ஆசிரியையிடம் அதைத்தான் கேட்டேன். டிரைவர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறேன் என்றார்.

நான் இன்னும் மாறவில்லை. அம்மாவின் இரண்டாவது ஊசி நவம்பர் 10, அது வேலை செய்ய இரண்டு வாரம். அதுவரை மகள் வீட்டில்தான். அதற்குப் பிறகும் வேனில் இல்லை, என் வண்டியில். மலையடி டீச்சர், நான் காத்திருக்க முடிவதே எனக்கு வீட்டிலிருந்து வேலை என்பதால்தான். அது புரிகிறது. அந்தச் சூளைப் பிள்ளைகள் பற்றி ஏதாவது தெரிந்ததா?

மலையடி டீச்சர், 25 அக்டோபர், இரவு 9.40

ஒரு குடும்பத்தின் நம்பர் கிடைத்தது சார். தீபாவளிக்கு ஊருக்கு வருவார்களாம். வரும்போது பள்ளி திறந்திருந்தால் பையனை விட்டுவிட்டுப் போகச் சொல்வேன், பாட்டி வீடு இங்கேதான் இருக்கிறது. பூட்டியிருந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு வாரம் தள்ளலாம் என்ற மதுரைக்காரருக்கும் இதுதான் என் பதில்.

பனியன்நகர், 25 அக்டோபர், இரவு 10.30

நான் அனுப்புகிறேன். எங்களுக்கு வேன் இல்லை, நடந்தால் பத்து நிமிடம். சனிக்கிழமை முகாமில் பக்கத்து வீட்டு ஆயாவையும் கூட்டிப்போய் முதல் ஊசி போட வைத்தேன், சாயங்காலம் வரை பையன் அவரிடம்தான் இருப்பான். இன்று சம்பளத்தில் இரண்டு நாலு கோடு நோட்டு வாங்கினேன். பையன் அதில் கோட்டுக்கு வெளியேதான் எழுதுகிறான். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.