மேக்கில் ஓடிய பில்ட் லினக்ஸில் ஏன் நின்றது? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

வெப் அப்ளிகேஷன் ப்ராஜெக்ட்களுக்கு பில்ட் ஸ்கிரிப்ட் (எழுதிய கோடை ஓடும் வடிவத்துக்குக் கொண்டுவரும் கட்டளைகள் அடங்கிய ஃபைல்) எழுதுவதும் பராமரிப்பதும் பல வருடங்களாக என் கையில் இருக்கும் வேலை. அணியில் பாதிப் பேர் விண்டோஸ், மீதிப் பேர் மேக், சர்வர் மட்டும் எப்போதும் லினக்ஸ். ஒரே ஸ்கிரிப்ட் மூன்றிலும் ஓட வேண்டும் என்று இறங்கினால்தான், நாம் எத்தனை விஷயங்களைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறோம் என்பது தெரிகிறது. நான் நேரில் பார்த்தவற்றை முதலில் எழுதுகிறேன். நீங்களும் எழுதினால் புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு உதவும்.

முதலில் வரி முடிவு. பில்டை சர்வரில் ஏற்றும் ஒரு டிப்ளாய் ஸ்கிரிப்ட் முந்தின நாள் வரை சரியாக ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் லினக்ஸ் சர்வரில் முதல் வரியிலேயே 'பேட் இன்டர்பிரட்டர்' என்று நின்றுவிட்டது. ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் என்ற ஷெல் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் புரோகிராம்) இன்ஸ்டால் ஆகியிருக்கிறதா என்று ஆளாளுக்குச் சோதித்தோம், இருந்தது. ஃபைலைத் திறந்து பார்த்தால் ஒரு தவறும் கண்ணில் படவில்லை. பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தபோதுதான் பாஷ் என்ற பெயரை ஒட்டி ஒரு மேல்நோக்கிய குறியும் எம் என்ற எழுத்தும் இருப்பது தெரிந்தது. விண்டோஸ் கணினியில் யாரோ திருத்திச் சேமித்ததில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி சேர்ந்திருக்கிறது. எந்தப் புரோகிராமில் ஓட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியை லினக்ஸ் லைன் ஃபீட் என்ற வரி முடிவுக் குறி வரைக்கும் படிக்கும். அதற்கு முன்னால் இருக்கும் கேரேஜ் ரிட்டர்னையும் பெயரின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு புரோகிராம் உலகத்திலேயே இல்லை. அதனால்தான் அந்தப் பிழை.

இதற்கு, கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியில் வரி முடிவைத் தானாக மாற்றும் ஆட்டோ-சிஆர்எல்எஃப் செட்டிங்கை ஒவ்வொருவரும் மாற்றிக்கொள்ளச் சொல்வது நிரந்தரத் தீர்வு இல்லை. அது அவரவர் கணினியோடு நின்றுவிடும். அடுத்து சேருபவருக்கு மறுபடியும் சொல்ல வேண்டும். கிட்ஆட்ரிப்யூட்ஸ் ஃபைலில், ஷெல் ஸ்கிரிப்ட்களுக்கு எப்போதும் லைன் ஃபீட் மட்டும் என்று ஒரு வரி எழுதினால் அது ரெப்போவோடு (ப்ராஜெக்ட்டின் ஃபைல்கள் எல்லாம் இருக்கும் கிட் சேமிப்பிடத்தோடு) போகும். எந்தப் புது ப்ராஜெக்ட்டிலும் நான் முதலில் கமிட் செய்வது அந்த ஃபைலைத்தான்.

அடுத்தது பெரிய எழுத்து, சிறிய எழுத்து. மேக்கின் ஃபைல் சிஸ்டம் பெயரை எழுதியபடியே வைத்துக்கொள்ளும், ஆனால் தேடும்போது இயல்பாக அந்த வித்தியாசத்தைப் பார்க்காது. விண்டோஸும் அப்படித்தான். லினக்ஸ் பார்க்கும். ஃபைலின் பெயரில் ஹெடர் என்பது பெரிய எழுத்தில் தொடங்க, அதைக் கோடில் அழைக்கும் இம்போர்ட் வரியில் சிறிய எழுத்தில் இருந்தால், டெவலப்பர் கணினியில் எல்லாம் சுமுகமாக நடக்கும். சிஐ-யில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் பில்டையும் சோதனையையும் தானாக ஓட்டும் சர்வரில்) 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' வரும். சரி, ஃபைல் பெயரை மாற்றிவிடலாம் என்று மேக்கில் ஃபைண்டரில் மாற்றினால் கிட் அதைக் கவனிக்கவே கவனிக்காது. கிட் மூவ் கட்டளையில் மாற்றினால்தான் மாற்றம் பதிவாகும்.

அப்புறம் ஷெல். 'பாஷ் தானே, எங்கேயும் ஒன்றுதான்' என்று சொல்பவர்களிடம் நான் பொறுமையாக விளக்குவது இது. மேக்கோடு இன்றும் வருவது பாஷ் 3.2, 2006ல் வெளிவந்த வரிசை. 2009ல் வந்த பாஷ் 4 ஜிபிஎல் 3 உரிமத்துக்கு மாறியதும் ஆப்பிள் பழைய வரிசையோடு நின்றுவிட்டது. 2019ல் இயல்பு ஷெல்லையே இசட்-ஷெல்லாக மாற்றியது. அதனால் பாஷ் 4ல் வந்த அசோசியேட்டிவ் அரேயை (பெயரை வைத்து மதிப்பை எடுக்கும் பட்டியலை) ஸ்கிரிப்டில் பயன்படுத்தினால் மேக்கில் உடையும். உபுண்டுவிலோ 2006ல் வந்த 6.10 பதிப்பு முதலே எஸ்ஹெச் என்றால் டேஷ் என்ற வேறொரு ஷெல். முதல் வரியில் எஸ்ஹெச் என்று போட்டுவிட்டு உள்ளே இரட்டைச் சதுர அடைப்புக்குறி எழுதினால் அங்கே ஓடாது.

ஃபைலுக்குள் எழுத்துகளைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளையை பில்ட் ஸ்கிரிப்டில் நான் இப்போது தொடுவதே இல்லை. ஃபைலை அதே இடத்தில் திருத்தும் 'மைனஸ் ஐ'-க்குப் பிறகு பேக்கப் பின்னொட்டு ஒன்றை மேக் கட்டாயம் எதிர்பார்க்கும். லினக்ஸின் குனு செட் எதிர்பார்க்காது. லினக்ஸில் எழுதியதை மேக்கில் ஓட்டினால், மாற்றச் சொன்ன கட்டளையைப் பின்னொட்டு என்றும் ஃபைல் பெயரைக் கட்டளை என்றும் அது எடுத்துக்கொள்ளும். வெர்ஷன் எண்ணை மாற்றுவது போன்ற வேலைகளுக்கு பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் பத்துப் பதினைந்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் போதும். எங்கேயும் ஒரே மாதிரி ஓடும்.

* * *

நண்பர் ஷெல் பக்கத்தை நன்றாகவே எழுதிவிட்டார். நான் நோட் பேக்கேஜ்களை நிர்வகிக்கும் என்பிஎம் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ப்ராஜெக்ட்டின் பேக்கேஜ் ஜேசன் ஃபைலில் எழுதும் ஸ்கிரிப்ட்களை விண்டோஸில் என்பிஎம் இயல்பாக சிஎம்டி (விண்டோஸின் ஷெல்) வழியாகத்தான் ஓட்டும். கட்டளைக்கு முன்னால் நோட் என்வ் ஈக்வல்ஸ் ப்ரொடக்ஷன் (NODE_ENV=production) என்று சூழல் மதிப்பை எழுதும் வழக்கம் அங்கே செல்லாது. க்ராஸ்-என்வ் பேக்கேஜ் இதற்காகவே வந்தது, பலருக்கும் தெரியும். இது பரவாயில்லை, உடனே பிழை காட்டிவிடும். பிழையே காட்டாமல் ஏமாற்றுவதுதான் ஆபத்து.

கோடில் தவறுகளைத் தேடும் எங்கள் லிண்ட் ஸ்கிரிப்டில் எஸ்ஆர்சி ஃபோல்டர், அதன் பிறகு இரட்டை நட்சத்திரம், கடைசியில் ஜேஎஸ் ஃபைல்கள் என்று ஒரு பேட்டர்ன் (src/**/*.js) இருந்தது, மேற்கோள் குறி இல்லாமல். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் விண்டோஸில் ஓட்டியபோது பிழைகள் கொட்டின. சிஐ பச்சை. எங்கள் எல்லோருக்கும் பச்சை. அவருடைய கணினியில்தான் ஏதோ கோளாறு என்று சிலர் முடிவே கட்டிவிட்டார்கள். ஆனால் சரியாக ஓடியது அவருடைய கணினியில் மட்டும்தான். லினக்ஸிலும் மேக்கிலும் அந்தப் பேட்டர்னை ஷெல் தானே விரித்துவிடும். இரட்டை நட்சத்திரத்தை அது ஒற்றை நட்சத்திரமாகவே பார்க்கும். அதனால் ஒரு ஃபோல்டர் ஆழத்தில் இருந்தவை மட்டுமே லிண்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. சிஎம்டி விரிப்பதில்லை, பேட்டர்னை அப்படியே இஎஸ்லிண்ட் என்ற லிண்ட் கருவியிடம் கொடுத்துவிடும். அது முழு ஆழத்துக்கும் தேடும். பேட்டர்னைச் சுற்றி இரட்டை மேற்கோள் குறி போட்டதும் மூன்று இடத்திலும் ஒரே விடை. ஒற்றை மேற்கோள் குறி போடாதீர்கள், சிஎம்டிக்கு அது வெறும் எழுத்து. புதிதாக வருபவர் ஒன்று உடைகிறது என்றால் முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள் என்று இதற்காகவே எல்லோரிடமும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, சிஐ-யில் என்பிஎம் இன்ஸ்டால் வேண்டாம். 2018ல் வந்த என்பிஎம் சிஐ (npm ci) கட்டளையைப் போடுங்கள். ஒவ்வொரு பேக்கேஜின் வெர்ஷனையும் துல்லியமாகக் குறித்து வைக்கும் லாக் ஃபைலும் பேக்கேஜ் ஜேசனும் ஒத்துப்போகாவிட்டால் அது தானாகச் சரிசெய்யாமல் நின்றுவிடும். அதுதான் நமக்கு வேண்டும். நோட் வெர்ஷனையும் ரெப்போவிலேயே எழுதி வையுங்கள். 2021ல் நோட் 17 ஓப்பன்எஸ்எஸ்எல் 3 என்ற குறியாக்க நூலகத்துக்கு மாறியபோது வெப்பேக் 4 என்ற பில்ட் கருவியில் இருந்த ப்ராஜெக்ட்கள் வரிசையாக விழுந்தன. வெர்ஷனைக் கட்டிவைத்திருந்தவர்கள் தங்கள் வசதிக்கு ஒரு நாளில் மாறிக்கொண்டார்கள்.

* * *

ஜாவா பக்கத்தில் ஒன்றே ஒன்று. பேக்எண்டை மேவன் என்ற ஜாவா பில்ட் கருவியில் பில்ட் செய்யும்போது 'பில்ட் இஸ் பிளாட்ஃபார்ம் டிபென்டன்ட்' என்று ஒரு எச்சரிக்கை வரும், யாரும் படிப்பதில்லை. ஜேடிகே (ஜாவாவின் டெவலப்பர் தொகுப்பு) 18 வரும் வரை, அதாவது 2022 வரை, ஜாவாவின் இயல்பு என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) அந்தந்த இயங்குதளத்தைப் பொறுத்தது. சோர்ஸில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் இருந்தால் விண்டோஸில் செய்த பில்டில் அவை சிதைந்து, திரையில் கன்னாபின்னாவென்று வரும். மேவனின் போம் ஃபைலில் சோர்ஸ் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. பழைய ஜேடிகேயில் இருக்கும் ப்ராஜெக்ட்கள் இன்னும் நிறைய. போய் ஒருமுறை பாருங்கள்.

ஒரு கேள்வியும் உண்டு. எந்தக் கணினியிலும் ஒரே லினக்ஸ் சூழலைத் தரும் டாக்கருக்குள்ளேயே பில்ட் செய்துவிட்டால் இத்தனை தொல்லையும் போய்விடாதா?

* * *

பெரும்பகுதி போய்விடும், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் டாக்கர் இக்னோர் ஃபைலில் நோட் மாட்யூல்ஸை (பேக்கேஜ்கள் இன்ஸ்டால் ஆகும் ஃபோல்டரை) சேர்க்க மறக்காதீர்கள். இல்லையென்றால் டாக்கர் ஃபைலில் இருக்கும் 'காப்பி' வரி மேக்கில் இன்ஸ்டால் ஆனதை அப்படியே லினக்ஸ் இமேஜுக்குள் (டாக்கர் ஓட்டும் தொகுப்புக்குள்) கொண்டுபோய்க் கொட்டும். இஎஸ்பில்ட் போன்ற பில்ட் கருவிகள் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனி பைனரியோடு வருபவை; உள்ளே போனதும் வேறு பிளாட்ஃபார்ம் என்று நின்றுவிடும். ஆல்பைன் இமேஜ் எடுத்தால் அதில் இருப்பது மஸல் சி நூலகம், டெபியனில் இருப்பது ஜிலிப்சி. ஒன்றில் கம்பைல் ஆன பைனரி மற்றதில் ஓடும் என்று நம்ப முடியாது. 2020 முதல் வந்த எம் வரிசை மேக்குகளில் இயல்பாக உருவாகும் இமேஜ் ஆர்ம் ப்ராசஸர் வகை. சர்வர் இன்டெல் வகை என்றால் பிளாட்ஃபார்மைச் சொல்லித்தான் பில்ட் செய்ய வேண்டும்.

டாக்கர் தீர்க்காத ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். டெவ், டெஸ்ட், ப்ரொடக்ஷன் என்று மூன்று சூழலுக்கும் தனித்தனியாக பில்ட் செய்யும் பழக்கம். வீட் (Vite) என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்துபவர்கள் கவனியுங்கள்: வீட் என்ற முன்னொட்டோடு நீங்கள் கொடுக்கும் என்வ் மதிப்புகள் பில்ட் நேரத்திலேயே ஜாவாஸ்கிரிப்டுக்குள் எழுதப்பட்டுவிடும். ஏபிஐ முகவரி ஒன்று மாறினாலும் மறுபடி பில்ட். அப்படியானால் டெஸ்ட்டர்கள் சோதித்தது ஒரு பண்டில் (பில்டில் வெளிவரும் ஃபைல் தொகுப்பு), பயனர் கைக்குப் போவது இன்னொரு பண்டில். ரகசியச் சாவியைத் தவறி இப்படிக் கொடுத்துவிட்டால் அது பிரவுசரில் எவரும் படிக்கும்படி கிடக்கும் என்பது தனிக் கவலை.

நான் செய்வது இதுதான். பில்ட் ஒரே ஒரு முறை. அதில் எந்தச் சூழலின் பெயரும் இருக்காது. முகவரி போன்றவை கான்ஃபிக் ஜேசன் என்று தனி ஃபைலில். பக்கம் திறந்ததும் அப்ளிகேஷன் முதலில் அதைப் படிக்கும். டிப்ளாய் ஆகும் இடத்தில் அந்த ஒரு ஃபைல் மட்டும் மாறும். அதை பிரவுசர் கேஷ் செய்யாதபடி சர்வரில் ஹெடர் வைக்க வேண்டும். இல்லையென்றால் டிப்ளாய்க்குப் பிறகும் சிலருக்குப் பழைய முகவரியே போகும்.

பில்ட் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஒரு சோதனையும் வைத்திருக்கிறேன்: நோட் வெர்ஷன் சரியா, லாக் ஃபைல் இருக்கிறதா, தேவையான என்வ் மதிப்புகள் எல்லாம் வந்திருக்கின்றனவா. ஒன்று குறைந்தாலும் எது குறைகிறது, எப்படிச் சேர்ப்பது என்று முழு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிற்கும். சிஐ-யும் அதே ஸ்கிரிப்டைத்தான் கூப்பிடும். சிஐ-யின் யாமல் ஃபைலில் பில்ட் படிகளைத் தனியாக எழுத நான் யாரையும் விடுவதில்லை. சிஐ-யில் உடைந்ததை அப்போதுதான் அவரவர் கணினியில் அதே கட்டளையால் மறுபடி உடைத்துப் பார்க்க முடியும்.

மோனோரெப்போவில் (பல ப்ராஜெக்ட்கள் ஒரே ரெப்போவில் இருக்கும் முறையில்) இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். அந்த அனுபவம் எனக்கு இல்லை.