மதுரை விளக்குத்தூண் யாருக்கு வச்சது? மாரட் வீதிக்கு ஏன் அந்தப் பேரு?

தெற்குவாசல் பொண்ணு:
தீபாவளிக்குத் துணி எடுக்க வருசா வருசம் விளக்குத்தூண் பக்கம்தான் போறோம், இந்தத் தடவை என் மக தூணைக் காட்டி இதை யாரும்மா வச்சாங்கன்னு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியல. அப்புறம் மீனாட்சி கோயிலைச் சுத்தி வீதிப் பேரெல்லாம் ஆடி, சித்திரை, மாசின்னு தமிழ் மாசமா வந்துட்டு அதைத் தாண்டுனதும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதின்னு மாறிருதே, அது ஏன்?

மாசிவீதிக்காரன்:
எங்க தாத்தா அது பீட்டர் துரைக்கு வச்சதுன்னு சொல்லுவாரு. மீனாட்சிக்குத் தங்கத்துல கல்லு பதிச்ச மிதியடி செஞ்சு கொடுத்தாரே, பீட்டர் பாண்டியன், அவருக்கு.

கோட்டைக்கல்:
இல்ல தம்பி, ரோஸ் பீட்டர் 1812ல இருந்து 1828 வரைக்கும் கலெக்டர், தூணு அவருக்குப் பின்னாடி வந்த ப்ளாக்பர்னுக்கு. அக்கா, உங்க ரெண்டு கேள்விக்கும் அவருதான் பதில். அப்ப மதுரைன்னா நாயக்கர் கட்டுன கோட்டைச் சுவருக்குள்ள இருந்ததுதான், சுத்தி அகழி, சனம் பெருகப் பெருக உள்ள மூச்சு முட்டிருச்சு. 1840கள்ல ப்ளாக்பர்ன் கோட்டையை இடிக்க ஏற்பாடு பண்ணாரு, அதை எப்படிச் செஞ்சாருங்கறதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம், சுவரை இடிச்சு அகழியைத் தூத்து மட்டம் பண்றவங்களுக்கே அந்த இடத்தைக் கொடுத்தாரு, அதனால ஊரு சனமே கடப்பாரையோட இறங்கிருச்சு. அளந்து கோடு போட்ட சர்வேயர் மாரட், ஆளுகளை வச்சு வேலை வாங்குனவரு பெருமாள் மேஸ்திரி. அப்படிக் கிடைச்ச இடத்துல போட்ட வீதிகளுக்குத்தான் இவங்க பேரு. துரை பேருக்குப் பக்கத்துலயே நம்ம ஊரு மேஸ்திரி பேரும் வீதில நிக்கிது, எனக்கு அதுல ரொம்பப் பெருமை. வெளி வீதி பேரும் அப்படித்தான், கோட்டைக்கு வெளியங்கறது.

தல்லாகுளம் வாத்தியார்:
சுவரு போனதும் ஊரு வெளிய பரவ ஆரம்பிச்சது, 1875ல ரயில் வந்துச்சு, 1889ல வைகை ஆத்து மேல ஏவி பாலம் திறந்த பிறகு வடகரைக்குப் போக வர சுலபமாச்சு. அமெரிக்கன் காலேஜ் பசுமலைல இருந்து 1909ல தல்லாகுளத்துக்கு வந்துச்சு, அந்தச் செங்கல் கட்டடங்களையும் பாப்பாவுக்குக் காட்டுங்க, வரைஞ்சவரு ஹென்றி இர்வின், மைசூர் அரண்மனையையும் அவருதான் வரைஞ்சாரு.

தெற்குவாசல் பொண்ணு:
ரொம்ப நன்றிண்ணே, இத்தனை வருசம் அந்தத் தூணுல பையைச் சாத்தி வச்சுட்டு நின்னிருக்கேன். கோட்டைல எதாச்சும் மிச்சம் இருக்கா?

கோட்டைக்கல்:
இருக்குக்கா. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல கோட்டைச் சுவருல காவலுக்குக் கட்டுன ஒரு கொத்தளம் நிக்கிது, பெரிய பெரிய கருங்கல்லு, பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல யாரும் திரும்பிப் பாக்குறதில்ல. பாப்பாவைக் கூட்டிட்டு விடியக்காலைல போங்க, கூட்டம் இருக்காது, கல்லுல கை வச்சுப் பாக்கச் சொல்லுங்க. அப்படியே விளக்குத்தூணுக்கும் கடை திறக்கறதுக்கு முன்னாடி போயிருங்க, அப்பத்தான் அடியில இருந்து முழுசாத் தெரியும்.