கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சை: வெட்டு எங்கே வரும், ஓய்வு எவ்வளவு காலம்?

கேள்வி (குடியாத்தம்)

வணக்கம். என் தாயாருக்கு வயது 46. நார்க்கட்டிகளால் உதிரப்போக்கு நிற்காமல் இரத்தச்சோகை வரை வந்துவிட்டதால், கருப்பையை எடுத்துவிடலாம் என்று வேலூரில் மருத்துவர் கூறிவிட்டார். லேப்ராஸ்கோப்பியில் முயல்வதாகவும், முடியாவிட்டால் வயிற்றைத் திறக்க நேரலாம் என்றும் சொன்னார். இரண்டுக்கும் வெட்டு எங்கே, எவ்வளவு நீளம் இருக்கும்? அம்மா வீட்டிலிருந்து பீடி சுற்றுபவர். மறுபடி எப்போது முறத்தோடு உட்காரலாம்? எங்கள் தெருவில் ஒருவர் இரண்டே வாரத்தில் தண்ணீர்க் குடம் தூக்கினாராம்.

பதில் (காட்பாடி, ஓய்வுபெற்ற செவிலியர்)

வயிற்றைத் திறந்து செய்தால் பெரும்பாலும் சிசேரியன் தழும்பு வரும் அதே இடத்தில், குறுக்காக 10 முதல் 15 செ.மீ. வரை வெட்டுவார்கள், கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ புற்றுநோய் ஐயம் இருந்தாலோ தொப்புளுக்குக் கீழே நெடுக்காக வெட்டுவதும் உண்டு. லேப்ராஸ்கோப்பியில் அரை முதல் ஒரு செ.மீ. அளவில் மூன்று நான்கு துளைகள்தாம். அப்போது வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு செலுத்துவதால் ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கலாம். அதை மாரடைப்பென்று எண்ணிப் பதறிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். முழுவதையும் பிறப்புறுப்பு வழியாகவே செய்யும் முறையில் வயிற்றில் தழும்பே இராது.

ஆனால் எந்த முறையானாலும், கருப்பை வாயையும் சேர்த்து எடுத்துவிட்டால், பிறப்புறுப்பின் மேல்முனையை உள்ளே தைத்து மூடுகிறார்கள். அந்தத் தையல் கண்ணுக்குத் தெரியாது. அது நன்கு ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். துளை காய்ந்துவிட்டதே என்று 15 லிட்டர் குடத்தைத் தூக்கினால், அந்தச் சுமை முழுவதும் அங்கேதான் அழுத்தும். தாம்பத்திய உறவுக்கும் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். பீடி வேலையை மறுபரிசோதனைக்குப் பிறகு சிறிது சிறிதாகத் தொடங்கலாம். காலை மடக்கி மணிக்கணக்கில் உட்காராமல் இடையிடையே எழுந்து நடக்கச் சொல்லுங்கள். ஊர் திரும்பும்போது பேருந்தில் நிற்க வைக்காதீர்கள்.

பதில் (ஆம்பூர்)

எனக்கு வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். காயத்தைவிடப் பத்தியம்தான் என்னை வாட்டியது. சீழ் பிடிக்கும் என்று பருப்பையும் முட்டையையும் நிறுத்தி, தண்ணீரைக்கூட அளந்து கொடுத்தார்கள்; இந்த ஊர் வெயிலில் அதன் விளைவு கடுமையான மலச்சிக்கல், முக்கும்போது உயிர் போகும் வலி. மருத்துவரிடம் கேட்டதும் அவர் எல்லாவற்றையும் சாப்பிடச் சொன்னார். இருமும்போது வயிற்றின்மேல் தலையணையை அழுத்திப் பிடிப்பதும், ஒருக்களித்துப் புரண்டு கையை ஊன்றி எழுவதும் மிகவும் உதவின. காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவு வேலைக்கு இரண்டு மாதம் கழித்தே திரும்பினேன்.

கேட்டவர் (குடியாத்தம்)

இருவருக்கும் நன்றி, அக்கா. சினைப்பைகளையும் எடுத்துவிடுவார்களா?

பதில் (காட்பாடி)

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. இரண்டையும் எடுத்தால் மாதவிடாய் நின்ற நிலை உடனே வந்துவிடும். உடல் திடீரென்று கொதித்து வியர்க்கும், எலும்பும் தேய்வடையும். இந்த வயதில் அவை நலமாக இருந்தால் விட்டுவைப்பதே பெரும்பாலும் வழக்கம். குடும்பத்தில் யாருக்கேனும் சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் சில வாரங்கள் பழுப்பு நிறக் கசிவு இருப்பது இயல்பு. ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனைந்தாலோ, துர்நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ மறுநாளுக்கென்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எடுத்த கருப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தையல் பிரித்ததோடு வேலை முடிந்ததென்று பலர் அந்த அறிக்கையை வாங்காமலேயே விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அதை வாங்கி மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.