ஆண்டு கிழிந்துபோன நியூயார்க் சென்ட்ரல் கால அட்டவணை: வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழந்தாள்:
ஒஹையோவில் ஒரு பழம்பொருள் சந்தையில் நியூயார்க் சென்ட்ரல் ரயில் நிறுவனத்தின் பயணிகள் கால அட்டவணை ஒன்றை 40 டாலருக்கு வாங்கினேன். அட்டையில் 'ஞாயிறு, ஏப்ரல் 30 முதல்' என்பது தெளிவாக இருக்கிறது. ஆண்டு இருந்த மூலை மட்டும் இல்லை. உறைமேல் விற்றவர் பென்சிலால் 1939 என்று எழுதியிருந்தார்; விலையும் அதற்கேற்ற விலைதான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு குழப்பம்: உள்ளே காலையா மாலையா என்ற குறிப்பே கண்ணில் படவில்லை. கிழிந்த மூலையை செல்லோ டேப்பால் ஒட்டலாமா?

சிக்னல் விளக்கு:
முதலில் டேப்பைக் கீழே வையுங்கள். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. இப்போதைக்கு ஒட்டாமலேயே பாலியெஸ்டர் உறையில் போடுங்கள். பிவிசி உறை வேண்டாம்.

மெலிந்த எண்கள் முற்பகல், தடித்த எண்கள் பிற்பகல். அமெரிக்க அட்டவணைகளில் இதுதான் வழக்கம். எங்காவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் சொல்லியிருப்பார்கள்.

ஆண்டுக்குக் கிழமையைப் பிடியுங்கள். 1930க்குப் பிறகு ஏப்ரல் 30 ஞாயிறாக வந்தது 1933, 1939, 1944, 1950, 1961, 1967 ஆகிய ஆண்டுகளில். அடுத்தது 1972. ஆனால் 1968 பிப்ரவரியிலேயே இந்த நிறுவனம் பென் சென்ட்ரலில் கலந்துவிட்டது. ஆக, விற்றவர் சொன்ன 1939ஐ நாள்காட்டி மறுக்கவில்லை. நிறுவன முகவரி எப்படி அச்சாகியிருக்கிறது?

பழந்தாள்:
'நியூயார்க் 17' என்று இருக்கிறது.

சிக்னல் விளக்கு:
அப்படியானால் 1933ம் 1939ம் போயின. பெரிய நகரங்களுக்கு இந்த அஞ்சல் மண்டல எண்கள் வந்ததே 1943இல்தான். அவற்றுக்குப் பதிலாக ஐந்து இலக்க ஜிப் அஞ்சல் குறியீடு 1963 ஜூலையில் வந்தது, எனவே 1967ம் இல்லை. மிஞ்சுவது 1944, 1950, 1961.

கடைசிப்பெட்டி:
சிக்னல் விளக்கு அண்ணா, 1967ஐ அவ்வளவு சீக்கிரம் கழிக்காதீர்கள். புதுக் குறியீடு வந்த பிறகும் பழைய முகவரியை மாற்றாமல் அச்சிட்டவர்கள் ஏராளம். முகவரி 'இதற்கு முன் இல்லை' என்று சொல்லும். 'இதற்குப் பின் இல்லை' என்று சொல்லாது.

ரயில்களைப் பாருங்கள். இந்த நிறுவனத்தின் பெருமைக்குரிய நியூயார்க்–சிகாகோ ரயிலான ட்வென்டியத் செஞ்சுரி லிமிடெட் பக்கத்தில் என்ன வசதிகள் போட்டிருக்கிறார்கள்? படுக்கைப் பெட்டிகள் மட்டுமா, சாதாரண இருக்கைப் பெட்டிகளும் உண்டா?

பழந்தாள்:
இருக்கைப் பெட்டி இருக்கிறது! அப்படியென்றால் 1967 ஆகவும் இருக்கலாமா? அந்த ரயில் 1967 டிசம்பரில் நின்றுபோனது என்று படித்திருக்கிறேன். அதன் கடைசிக் கோடைகால அட்டவணை என் கையில் இருந்தால் 40 டாலர் எனக்குப் பெரிதே இல்லை.

கடைசிப்பெட்டி:
ஆசைப்பட்டு ஆண்டு வைக்கக் கூடாது நண்பரே, விற்றவர் செய்ததும் அதுதான். செஞ்சுரியில் இருக்கைப் பெட்டி சேர்த்தது 1958இல். கூட்டம் குறைந்துபோய், கௌரவத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்த காலம் அது. எனவே 1944ம் 1950ம் கழிந்தன. 1961ஆ 1967ஆ என்பதைத் தீர்க்கக் கட்டணக் குறிப்பைப் பாருங்கள். வரி பற்றி ஏதாவது இருக்கிறதா?

பழந்தாள்:
பின்பக்கத்தில், கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரிகிற அளவில்: 'கட்டணங்களில் கூட்டரசு வரி சேரவில்லை.'

கடைசிப்பெட்டி:
முடிந்தது. கட்டணத்துக்கு மேல் வரி தனி என்றுதான் அதற்குப் பொருள். ரயில் பயணிகள் கட்டணத்தின் மீதான பத்து சதவீத வரியை 1962இல் எடுத்துவிட்டார்கள். பழைய முகவரியை அப்படியே விட்டுவைப்பார்கள். ஆனால் இல்லாத வரியைச் சொல்லிப் பயணியைப் பயமுறுத்த எந்த நிறுவனமும் விரும்பாது. உங்களுடையது 1961.

சிக்னல் விளக்கு:
ஒத்துக்கொள்கிறேன், தம்பி. முகவரி விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன்.

பழந்தாள்:
இருவருக்கும் நன்றி. அடுத்த மாதம் அதே சந்தைக்குப் போகிறேன். அவரிடம் '1939' என்று எழுதிய இன்னும் நான்கு உறைகள் இருந்தன. இந்த முறை பணப்பையைத் திறப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன்.