தோப்பு மோட்டார்: ரிலேயை எதுல வைக்கிறதுங்க?

வணக்கமுங்க. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு. போர்ல 7.5 ஹெச்பி சப்மெர்சிபிள், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (முதல்ல ஸ்டார்ல மெதுவாக் கிளப்பி, அப்புறம் டெல்டாவுக்கு மாத்துறது). சாயந்திரம் ஆறரைக்கு மேல மூணு பேஸும் சேர்ந்து 415-லிருந்து 340 வோல்ட்டுக்கு இறங்கிடுது. மோட்டார் பிளேட்ல போட்டிருக்குறது 14.5 ஆம்ப்ஸ், அந்த நேரத்துல டங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்ப்ஸ் பாக்குற மீட்டர்) மாட்டுனா 17.5 காட்டுது.

கரண்ட் அதிகமானா மோட்டாரை நிறுத்துற ஓவர்லோடு ரிலே அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னேன். வந்த எலக்ட்ரீஷியன் தம்பி ஸ்க்ரூடிரைவரால டயலை 15-க்குத் திருப்பிட்டுப் போயிட்டாரு. அப்புறம் ட்ரிப்பே இல்லை, நானும் சந்தோசப்பட்டேன். மாசிக் கடைசில வைண்டிங் போச்சு. மேல ஏத்திப் பிரிச்சா ஒரே கருகல் வாசம்.

எங்க ஸ்டார்ட்டர்ல ஓவர்லோடு ரிலே மெயின் கான்டாக்டருக்குக் கீழே இருக்கு. டெல்டாவுல அது மொத்த லைன் கரண்ட்டைப் பாக்காது, வைண்டிங்ல போற பேஸ் கரண்ட்டைத்தானே (லைன்ல 0.58 பங்கு) பாக்கும்? அப்ப 14.5-ஐ 0.58-ஆல பெருக்கி 8.4-ல வைக்கணும். 15-ல வச்சா லைன்ல 26 ஆம்ப்ஸ் போனாலும் கண்டுக்காது. என் கணக்கு சரிதானுங்களா?

இப்ப இருக்குற பிரிவென்டர் ஒரு பேஸ் போனாத்தான் கட் பண்ணும். வோல்டேஜ் போனா ஸ்டார்ட்டரை விடுவிக்கிற நோவோல்ட் காயிலும் 340-ல விடமாட்டேங்குது. அதனால வோல்டேஜ் குறைஞ்சா நிறுத்துற அண்டர்வோல்டேஜ் ரிலே தனியா போடலாம்னு இருக்கேன். கட்டாஃப் 360-ல வைக்கலாமா? ஸ்டார்ட் பண்றப்ப வோல்டேஜ் ஒரு அமுங்கு அமுங்குமே, அதுக்கே விழாம இருக்க டிலே எத்தனை செகண்டு? மோட்டார் நின்னதும் வோல்டேஜ் ஏறும், ஆட்டோல உடனே ஓடும், மறுபடி விழும். இந்தக் கண்ணாமூச்சிக்கு ரீஸ்டார்ட்டை எதுல வச்சிருக்கீங்க?

பொள்ளாச்சி, பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் தோப்பு வச்சிருக்குற அண்ணன்மாருங்க உங்க செட்டிங்கைப் போட்டோ எடுத்துப் போட்டா உதவியா இருக்குமுங்க. மோட்டார் நாளன்னைக்கு இறக்குறோம்.